விசில் அடிக்கும் மலை

அடுப்பில் குக்கர் இருக்கிறது, கூடத்தில் டி.வி. ஓடுகிறது. முதல் விசில் வரும்போது யாரும் தலையைத் திருப்புவதில்லை. இரண்டாவது வருகிறது. "இன்னும் ஒண்ணு வந்ததும் அடுப்பை அணைச்சிடு" என்று சமையலறைக்குச் சொந்தக்காரர் குரல் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். விசில் வரவேண்டிய நேரம் தாண்டி, பத்து நிமிடம் கழிந்தும் சத்தமே இல்லையென்றால்தான் அவர் எழுந்து ஓடுவார். துவாரத்தில் பருப்பு ஏதும் அடைத்துக்கொண்டதோ?

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வடக்கே, கடலுக்குள் கூம்பு கவிழ்த்ததுபோல நிற்கும் ஸ்ட்ராம்போலி ஓர் ஓயாத குக்கர். பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உச்சியிலிருந்து ஓர் உறுமல் கேட்கும்; செக்கச்சிவந்த கற்குழம்புத் துளிகள் பூவாணம்போல மேலே எழும்பிச் சரிவில் விழும்; பிறகு அமைதி. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இதே கதை. இரவில் மாலுமிகள் வழி கண்டுபிடிக்க உதவியதால் 'மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம்' என்றே இதற்குப் பெயர். கடல்மட்டத்துக்கு மேலே தெரிவது 924 மீட்டர். கடலடியிலிருந்து அளந்தால் கிட்டத்தட்ட 3,000 மீட்டர். பூமியின் மையத்துக்குப் பயணம் போன தன் கதாபாத்திரங்களை ஜூல்ஸ் வெர்ன் மீண்டும் வெளியே கொண்டுவந்து விட்டது இந்த மலையின் வாய் வழியாகத்தான். மலையடிவாரத்தில் சில நூறு பேர் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள்.

இதற்கு நேரெதிர், பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ. காடு மூடிய, பார்ப்பதற்கு எந்த விசேஷமும் இல்லாத மலை. ஐந்நூறு ஆண்டுகளாக மூச்சே விடவில்லை. 1991 ஜூன் 15 அன்று அது வெடித்தபோது 1,745 மீட்டர் உயரமாக இருந்த உச்சி இருந்த இடம் தெரியாமல் போய், இரண்டரை கி.மீ. அகலப் பள்ளம் மிஞ்சியது.

கால் மணிக்கு ஒருமுறை துப்பும் மலையின் அடிவாரத்தில் மனிதர்கள் தூங்க முடிகிறது. ஐந்நூறு ஆண்டு தூங்கிய மலை ஒரே பகலில் தன் தலையைத் தானே பிய்த்துக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ளே இருப்பது உருகிய பாறைதானே?

*

முதலில் ஒரு பெயர்த் தகராறு. 'எரிமலை' என்கிறோம், அங்கே எதுவும் எரிவதில்லை. எரிவதென்றால் விறகுபோல ஆக்சிஜனோடு சேர்ந்து வேக வேண்டும். எரிமலையில் நடப்பது உருகுதலும் பொங்குதலும் மட்டுமே. அது கக்கும் 'புகை' பெரும்பாலும் நீராவி. அதன் 'சாம்பல்' அடுப்புச் சாம்பல் அல்ல. பொடியான பாறையும் கண்ணாடிச் சில்லுகளும். பல் தேய்த்தால் ஈறு கிழிந்துவிடும்.

பூமிக்கு அடியில் நெருப்புக் கடல் ஒன்று தளும்பிக்கொண்டிருக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே அது எரிமலையாக வெளிவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கி.மீ. வரை இருக்கும் 'கவசம்' என்ற அடுக்கு, கடுஞ்சூடாக இருந்தாலும் திடப்பொருள்தான். இதை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. நிலநடுக்கம் சொல்லித் தந்தது. நிலநடுக்கத்தின்போது கிளம்பும் அலைகளில் ஒருவகை, கயிற்றை உதறினால் போகும் நெளிவுபோலப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே செல்லும். இத்தகைய அலை திரவத்துக்குள் நுழையவே முடியாது. தண்ணீரைக் கயிறுபோல உதற முடியுமா? அந்த அலைகள் கவசத்தைத் தாராளமாகக் கடந்து வெகுதொலைவில் உள்ள கருவிகளில் வந்து பதிகின்றன. ஆகவே உள்ளே இருப்பது கல்தான்.

அப்படியானால் கல் எங்கே, எப்படி உருகுகிறது? இங்கேயும் குக்கர் கைகொடுக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. மூடிய குக்கருக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் 120 டிகிரிவரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. கவசத்துப் பாறையும் இப்படித்தான். மேலே இருக்கும் பாறையின் பாரம் அதை உருகவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. ஹவாய்த் தீவுகளுக்கு அடியில் நடப்பதுபோல, சூடான திடப்பாறை மெல்ல மெல்ல மேலெழும்பி வந்தால் பாரம் குறைகிறது. யாரும் கூடுதலாகச் சூடேற்றாமலே அது உருகத் தொடங்குகிறது.

இன்னொரு வழி ஐஸ் வண்டிக்காரருக்குத் தெரிந்த வழி. குல்ஃபிப் பானையில் பனிக்கட்டியோடு கல்லுப்பைப் போடுவார். உப்பு சேர்ந்தால் பனிக்கட்டி பூஜ்யத்துக்குக் கீழான குளிரிலும் உருகும். பாறைக்கு அந்த உப்பு தண்ணீர்தான். கடலடி நிலத்தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு அமிழும்போது, தன் கனிமங்களுக்குள் பிணைந்திருக்கும் நீரையும் கூடவே கொண்டுபோகிறது. ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலுள்ள கவசப் பாறையில் கலக்கிறது. பாறை தன் வழக்கமான வெப்பத்தைவிடக் குறைவான வெப்பத்திலேயே இளகுகிறது. பசிபிக் பெருங்கடலைச் சுற்றிய எரிமலைகளில் பெரும்பாலானவையும், பினாட்டுபோவும், இந்தோனேசிய மலைகளும் இப்படிப் பிறந்தவை. நம் அந்தமானுக்குப் பக்கத்திலும் இதே கதைதான். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. தொலைவில் ஆளில்லாமல் கிடக்கும் பாரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் உறங்கிவிட்டு 1991-இல் கண் விழித்தது. அதன்பின் அவ்வப்போது ஸ்ட்ராம்போலி பாணியிலேயே துப்பிக்கொண்டிருக்கிறது.

*

உருகிய பாறை நிலத்துக்குள் இருக்கும்வரை அதற்குப் பெயர் கற்குழம்பு, அதாவது மாக்மா. வெளியே வழிந்தால் லாவா. இரண்டுக்கும் இடையே நடக்கும் முக்கியமான சங்கதி, அதில் கரைந்திருக்கும் வாயு வெளியேறுவது.

கோலி சோடாவைக் குலுக்காமல் கையில் வைத்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர்தான் தெரியும், ஒரு குமிழியும் இருக்காது. கோலியை அழுத்தியதும் 'புஸ்' என்று எங்கிருந்தோ குமிழிகள் கிளம்புகின்றன. அவை எங்கிருந்தும் வரவில்லை. அழுத்தத்தில் கரைந்தே இருந்தவை, அழுத்தம் விட்டதும் வெளிப்பட்டன. கற்குழம்பிலும் நீராவி, கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் இப்படிக் கரைந்து கிடக்கின்றன. அது மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து குமிழிகள் பிறக்கின்றன. எரிமலையைத் தள்ளுவது இந்த வாயுதான்; பாறை கூடவே இழுபடுகிறது.

குமிழி வெளியே போக முடிகிறதா என்பதில்தான் மலையின் குணம் இருக்கிறது. இதைத் தீர்மானிப்பது குழம்பின் பாகுநிலை. அரிசி வேகும்போது வடிகஞ்சியில் குமிழிகள் சுலபமாக மேலே வந்து உடைகின்றன. கேழ்வரகுக் களி கிண்டும்போது அவை சிக்கிக்கொண்டு, பெருத்து, 'பொளக்' என்று வெடித்துக் கையில் தெறிக்கின்றன. கற்குழம்பைக் களியாக்குவது சிலிக்கா. மணலில் இருக்கும் அதே பொருள். உருகிய நிலையிலும் சிலிக்கா ஒன்றோடொன்று கைகோத்துப் பின்னிக்கொள்ளும். எடையில் பாதியளவு மட்டும் சிலிக்கா உள்ள பசால்ட்டுக் குழம்பு, 1,100 டிகிரிக்கு மேல் தேன்போல ஓடும். ஸ்ட்ராம்போலி, ஹவாயின் கிலவேயா, சிசிலியின் எட்னா எல்லாம் இந்த ரகம். சிலிக்கா அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால், வெப்பமும் குறைவாக இருந்தால், அது ஓடாது; குழாயிலேயே இறுகி அடைப்பாக நிற்கும். கோலி இறுகிப்போன சோடா பாட்டில் அது.

உலகில் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் நாற்பது ஐம்பது எரிமலைகள் 'வெடிப்பு தொடர்கிறது' என்ற பட்டியலில் இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. அதில் பழைய வாடிக்கையாளர்கள் உண்டு. வனுவாட்டுவின் யாசுர் மலையின் செந்நிற ஒளியைக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் 1774-இல் பார்த்தார். இன்றும் அது அணையவில்லை. குவாத்தமாலாவின் சான்டியாகிட்டோ 1922 முதலும், ஜப்பானின் சாகுராஜிமா 1955 முதலும் ஓயவில்லை. சாகுராஜிமாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ககோஷிமா நகரில் வீட்டு வாசலில் சேரும் சாம்பலை அள்ளிப்போட மாநகராட்சியே தனிப் பை கொடுக்கிறது. வானிலை அறிக்கையில் மலைக்கு மேலே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போடுகிறார்கள்.

'மிகச் சுறுசுறுப்பான' எரிமலை எது என்ற கேள்விக்கு நேரான விடை இல்லாததும் இதனால்தான். தடவைக் கணக்கில் ஸ்ட்ராம்போலி முன்னே நிற்கலாம். கொட்டிய அளவைப் பார்த்தால் கிலவேயா. 1983-இல் அதன் ஒரு கிளை வாயில் தொடங்கிய வழிதல் 2018 வரை 35 ஆண்டு நீடித்து சுமார் 4.4 கன கி.மீ. லாவாவைத் தந்தது. அதைவிட அதிகமாக, 5 கன கி.மீ.க்கும் மேற்பட்ட பொருளை, பினாட்டுபோ சில நாள்களில் வீசிவிட்டுப் போனது. அதிலும் பெரும்பகுதி ஜூன் 15-இன் சில மணி நேரத்தில். இந்தச் சோம்பேறியை எந்த வரிசையில் வைப்பது?

*

ஸ்ட்ராம்போலியின் விசில் ஏன் இத்தனை ஒழுங்காக வருகிறது? மலைக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் ஆராய்ச்சியாளர்கள் வெளியிலிருந்தே துப்புத் துலக்க வேண்டியிருந்தது.

1980-களில் பாரிஸில் குளோட் ஜோபார், சில்வி வெர்னியோல் என்ற இரு அறிவியலாளர்கள் ஒரு சிறிய எரிமலையைச் செய்தார்கள். ஒரு தொட்டி, அதில் பிசுபிசுப்பான எண்ணெய், அடியில் காற்றுக் குமிழி விடும் துளைகள், மேலே கூரை, கூரையில் ஒரு குழாய். அவ்வளவுதான். குமிழிகள் ஏறிவந்து கூரைக்கு அடியில் நுரையாகச் சேர்ந்தன. நுரை ஓர் அளவுக்கு மேல் தடித்ததும் திடீரென்று நொறுங்கிக் கலந்து, ஒரே பெரிய குமிழியாகக் குழாயில் ஏறி, உச்சியில் வெடித்தது. பிறகு நுரை மீண்டும் சேர ஆரம்பித்தது. அடியில் காற்று சீராகத்தான் வந்துகொண்டிருந்தது. மேலேயோ விட்டு விட்டு வெடித்தது. குழாய் முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும் இந்த நீள் குமிழிதான் ஸ்ட்ராம்போலியின் விசில் என்ற கருத்து அங்கிருந்து வலுப்பட்டது.

அந்தக் குமிழி எவ்வளவு ஆழத்தில் பிறக்கிறது? இதற்கான விடை வாயுவின் 'வாசனை'யில் இருந்தது. கற்குழம்பு ஏறும்போது கரியமில வாயு மிக ஆழத்திலேயே பிரிந்துவிடும். நீராவியும் கந்தக வாயுவும் மேலே வந்தபின்தான் பிரியும். ஆக வாயுக் கலவையில் கரியமில வாயுவின் பங்கு கூடுதலாக இருந்தால் அது ஆழத்துச் சரக்கு. மலையுச்சியில் அகச்சிவப்புக் கதிரை அலசும் கருவியை வைத்துக் காத்திருந்த ஒரு குழு, சும்மா கசியும் வாயுவையும் வெடிக்கும்போது வரும் வாயுவையும் தனித்தனியே அளந்தது. இரண்டும் வெவ்வேறு கலவை. வெடிப்பு வாயுவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் பிறப்பிடம் சில கி.மீ. ஆழத்தில், சுமார் 3 கி.மீ. வரைகூட இருக்கலாம் என்று 2007-இல் அவர்கள் எழுதினார்கள்.

ஒழுங்கான இந்த மலை சில சமயம் தப்பாட்டமும் ஆடும். 2002 டிசம்பர் 30 அன்று அதன் சரிவு ஒன்று கடலுக்குள் சரிந்து சுனாமியைக் கிளப்பியது. 2019 ஜூலை 3 அன்று வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிய வெடிப்பு. மலையேறிய ஒருவர் இறந்தார். இந்தப் பெரிய வெடிப்புகளில் வரும் கல் வேறு நிறம், வேறு கனம். நுரைத்துப்போன வெளிர் கல். அதிலுள்ள பச்சைநிற ஆலிவின் படிகங்களை அறுத்து நுண்நோக்கியில் வைத்தபோது, கற்கண்டு விளையும்போது பாகின் துளி உள்ளே மாட்டிக்கொள்வதுபோலக் கற்குழம்பின் குட்டித் துளிகள் மாட்டியிருந்தன. கரைந்த வாயு தப்பாமல் அப்படியே அவற்றில் இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் அந்தக் குழம்பு 7 முதல் 10 கி.மீ. ஆழத்திலிருந்து நேராக, விறுவிறுவென்று வந்திருக்க வேண்டும். தினசரி விசிலுக்கும் இந்தப் பெருவெடிப்புக்கும் சமையலறையே வேறு என்று தெரிந்தது அப்படித்தான்.

வாய் திறந்திருந்தால் மட்டும் பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. காங்கோவின் நியிராகோங்கோ உச்சியில் லாவா ஏரியே தளும்பும். சிலிக்கா மிகக் குறைந்த, தண்ணீர்போல ஓடும் லாவா. அந்த மலை விலாப்பக்கம் கிழிந்தால் ஏரி முழுதும் ஊருக்குள் ஓடிவரும். 1977-இல் ஒரு மணி நேரத்துக்குள் ஏரி காலியானது. 2002-இலும் 2021-இலும் கோமா நகரம் அதன் சூட்டை அனுபவித்தது.

*

பினாட்டுபோவுக்குத் திரும்புவோம். ஏனென்றால் விசில் வராத குக்கர் எப்படி இருக்கும் என்பதைக் கருவிகளோடு உட்கார்ந்து, நாள் தவறாமல் கவனித்த அபூர்வ நிகழ்ச்சி அது.

1991 ஏப்ரல் 2 அன்று மலைச்சரிவில் நீராவி பீறிட்டது. அதுவரை அங்கே ஒரு நில அதிர்வுமானிகூட வைக்கப்பட்டதில்லை. ரேமுண்டோ புனோங்பாயன் தலைமையிலான பிலிப்பைன்ஸ் எரிமலை ஆய்வு நிறுவனத்தார் முதல் கருவிகளைப் பொருத்தினார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்திலிருந்து கிறிஸ் நியூஹால் உள்ளிட்டோர் வந்து சேர்ந்தார்கள். எரிமலை வெடிப்புகளை 0 முதல் 8 வரை வரிசைப்படுத்தும் அளவுகோலை 1982-இல் ஸ்டீபன் செல்ஃபுடன் சேர்ந்து வகுத்தவர் இந்த நியூஹால். மலையைச் சுற்றிய ஓடைகளில் பழைய சாம்பல் அடுக்குகளைத் தோண்டியபோது கரியான மரத்துண்டுகள் அகப்பட்டன. அவற்றின் கரிமக் காலக்கணிப்பு சொன்னது: இந்த மலை வெடித்தால் சின்னதாக வெடிப்பதில்லை.

வாயுவை அளக்க ஒரு கருவி இருந்தது. முதலில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் மாசை அளக்கச் செய்யப்பட்டது அது. கந்தக டை ஆக்சைடு, சூரிய ஒளியின் புறஊதாக் கதிரைக் குறிப்பிட்ட இடங்களில் விழுங்கும். புகைக்கு அடியில் பறந்துகொண்டே வானத்தைப் பார்த்து, எவ்வளவு கதிர் காணாமல் போயிருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு வாயு இருக்கிறது என்று தெரிந்துவிடும். விளக்கு சூரியன்தான், செலவில்லை.

மே 13 அன்று அளந்தபோது நாளொன்றுக்கு 500 டன். மே 28 அன்று 5,000 டன்னைத் தாண்டியது. புதிய கற்குழம்பு ஏறி வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதன்பிறகு அளவு இறங்கத் தொடங்கியது. ஜூன் முதல் வாரத்தில் மே 13-இன் அளவுக்கும் கீழே போய்விட்டது.

ஒரு சாதாரண அதிகாரியிடம் இந்தத் தாளைக் காட்டினால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார். மலையைக் கவனித்துக்கொண்டிருந்த ஆய்வாளர்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. நிலநடுக்கங்கள் குறையவில்லையே! மலையும் உப்பிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் உள்ளே குழம்பு வந்துகொண்டேதான் இருக்கிறது. வெளியேறும் வழிதான் அடைத்துக்கொண்டது. குக்கர் அடுப்பில் இருக்கிறது, தீ எரிகிறது, விசில் நின்றுவிட்டது.

ஜூன் 7 அன்று உச்சியருகே இறுகிய லாவா ஒரு கட்டிபோலப் பிதுங்கியது. ஜூன் 12 அன்று முதல் பெருவெடிப்பு. வெளியேற்ற எல்லை கட்டம் கட்டமாக விரிந்து 40 கி.மீ. ஆனது. ஜூன் 15 அன்று உச்சக்கட்டம். அன்றைக்கென்று யுன்யா என்ற புயலும் அதே இடத்தைக் கடந்தது. மழையில் நனைந்த சாம்பல் கூரைகளில் ஈரச் சிமென்ட்போல ஏறி உட்கார்ந்தது. சுமார் 850 பேர் இறந்தார்கள், கூரை இடிந்தும், பிறகு சேற்றுப் பெருக்கிலும், வெளியேறியவர்கள் தங்கிய முகாம்களில் நோயாலும். வெளியேற்றம் நடந்திராவிட்டால் இன்னும் குறைந்தது 5,000 உயிர்கள் போயிருக்கும் என்பது மதிப்பீடு. மலை வீசிய கந்தக வாயு மேல்வளிமண்டலத்தில் மெல்லிய திரையாகப் பரவி, உலகின் சராசரி வெப்பத்தை ஓரிரு ஆண்டுகளுக்கு அரை டிகிரி அளவுக்குக் குறைத்தது.

ஒன்பது ஆண்டு முன்னால் மெக்சிகோவின் எல் சிச்சோனுக்கு இந்தக் கவனிப்பு வாய்க்கவில்லை. 600 ஆண்டுகள் அமைதியாக இருந்த அந்தக் குன்றைப் பக்கத்து ஊர்க்காரர்கள் எரிமலை என்றே கருதவில்லை. 1982 மார்ச் இறுதியில் தொடங்கி ஒரே வாரத்தில் சுமார் 2,000 பேரைக் கொன்றது.

*

திறந்த வாய் கொண்ட மலைகளில் இப்போது விசிலை முன்கூட்டியே எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கான கருவி சாய்வுமானி. கற்குழம்பும் வாயுவும் உள்ளே திரளும்போது மலையின் தோல் மிக மிகச் சிறிதளவு உப்பும். ஒரு கி.மீ. நீளப் பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் தகட்டைச் செருகினால் எவ்வளவு சாயுமோ அந்தச் சாய்வையும் இது உணரும். ஸ்ட்ராம்போலியில் ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னால் நிலம் உப்பி, வெடித்ததும் தணிகிறது. சின்ன வெடிப்புக்குச் சின்ன உப்பல், பெரியதற்குப் பெரியது. 2019-க்குப் பின் அந்த உப்பலை நம்பி அங்கே அபாயச் சங்கு இணைக்கப்பட்டிருக்கிறது. கிடைப்பது சில நிமிடம்தான். பாறைக்குப் பின்னால் ஒதுங்கவும் கடற்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறவும் அது போதும்.

கிலவேயாவில் காலக்கெடு இன்னும் தாராளம். 2024 டிசம்பர் 23 முதல் அதன் உச்சிப் பள்ளத்தில் லாவா ஊற்று விட்டு விட்டுப் பீறிடுகிறது. சில முறை 300 மீட்டருக்கும் மேலே எழும்பியது. ஒரு சில மணி நேரம் கொட்டும், பிறகு பல நாள் ஓய்வு. 2025-இல் மட்டும் முப்பது தடவைக்கு மேல் இப்படி. 1912-இல் தாமஸ் ஜாகர் நிறுவிய ஹவாய் எரிமலை ஆய்வகம், தன் சாய்வுமானி வரைபடத்தை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடுகிறது. ரம்பப் பல் வரிசை மாதிரி இருக்கும் அது. ஓய்வு நாள்களில் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும், ஊற்று கிளம்பியதும் செங்குத்தாகக் கீழே விழும். கோடு முந்தைய பல்லின் உயரத்தை நெருங்கும்போது ஆய்வகம், இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையே அடுத்தது வரலாம் என்று அறிவிக்கும். பார்க்க விரும்புகிறவர்கள் அதற்குள் பயணச்சீட்டு வாங்கிவிடலாம்.